நிறங்களைப் பிரித்தவர் - மிகைல் சுவெட்

(வாழ்க்கை வரலாறு)

நுழையும்முன்

இலை பச்சை நிறம் உடையது என்பதை அறியாதார் இல்லை. ஆனால் அந்தப் பச்சை ஒரே நிறமா, பல நிறங்களின் கலப்பா என்னும் வினாவை எழுப்பியோர் மிகச் சிலரே. வினா எழுப்பியதோடு நில்லாமல், கலந்து கிடந்த நிறங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பிரித்துக் கண்முன் நிறுத்திக் காட்டினார் ஒருவர். அவர் கையாண்ட கருவிகள் ஒரு கண்ணாடிக் குழாயும் ஒரு பிடி சுண்ணத்தூளுமே. இன்று உலகெங்கும் மருந்துச் சாலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் நாள்தோறும் பயன்படும் ஓர் அரிய முறைக்கு அதுவே தொடக்கம் ஆயிற்று. அவருடைய வாழ்வை இப்பாடத்தில் அறிவோம்.

பிறப்பும் இளமையும்

மிகைல் சுவெட் 1872 ஆம் ஆண்டு மே மாதம் 14 ஆம் நாள் இத்தாலி நாட்டின் ஆஸ்தி என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ரஷ்ய அரசின் பணியாளர். தாயார் இத்தாலிய மரபினர். பெற்றோர் மேற்கொண்டிருந்த பயணத்தின் இடையே இவர் பிறந்தார். பிறந்த சிறிது காலத்திலேயே அன்னையை இழந்தார். தந்தையாரோ பணியின் பொருட்டு ரஷ்யா திரும்ப வேண்டியவரானார். ஆகவே குழந்தை சுவிட்சர்லாந்து நாட்டில் வளர்க்கப்பட்டது.

இவ்வாறு இத்தாலியில் பிறந்து, சுவிட்சர்லாந்தில் வளர்ந்து, பிரெஞ்சு மொழியில் கல்வி கற்ற அச்சிறுவன் பெயரளவில் ரஷ்யன். சுவெட் என்னும் அவருடைய குடும்பப் பெயருக்கு ரஷ்ய மொழியில் நிறம் என்பது பொருள். நிறங்களைப் பிரிப்பதையே வாழ்நாள் பணியாகக் கொள்ளப்போகும் ஒருவருக்கு அப்பெயர் முன்னரே வாய்த்திருந்தது வியப்புக்குரியது.

ஜெனிவாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த சுவெட், இயற்பியல், வேதியியல், தாவரவியல் ஆகியவற்றைப் பயின்றார். 1893 இல் இளநிலைப் பட்டம் பெற்றார். தாவர உயிரணுக்களைப் பற்றி ஆராய்ந்து 1896 இல் முனைவர் பட்டமும் பெற்றார். அப்போது அவருக்கு அகவை இருபத்து நான்கு. அதே ஆண்டில் தந்தையாரைப் பின்பற்றி ரஷ்யாவின் தலைநகராகிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்குச் சென்றார்.

செல்லாத பட்டம்

தந்தை நாட்டில் கால் வைத்தவருக்கு முதல் இடர் காத்திருந்தது. அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் வழங்கிய பட்டங்களை அந்நாளைய ரஷ்யப் பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. ஜெனிவாவில் முனைவராக விளங்கியவர் ரஷ்யாவில் பட்டமே இல்லாதவராகக் கருதப்பட்டார். பல்கலைக்கழகத்தில் பணியாற்ற வேண்டுமாயின், அவர் கற்றவற்றையெல்லாம் மீண்டும் மெய்ப்பித்துப் புதிதாகப் பட்டம் பெறவேண்டும். பழகிய மொழியும் பழகிய நண்பர்களும் அங்கில்லை.

வேறொருவராயின் சுவிட்சர்லாந்துக்கே திரும்பியிருப்பர். சுவெட் திரும்பவில்லை. அறிவியல் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். பெண்களுக்கான வகுப்புகளில் தாவரவியல் கற்பித்தார். இலையின் பச்சையத்தைப் பற்றிய ஆய்வுரை ஒன்றை எழுதிக் கசான் பல்கலைக்கழகத்தில் 1901 இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். அவ்வாண்டின் இறுதியில் வார்சா நகரப் பல்கலைக்கழகத்தில் உதவியாளர் பணி கிட்டியது. இன்று போலந்து நாட்டின் தலைநகராக விளங்கும் வார்சா, அக்காலத்தில் ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. சுவெட்டின் பெருமைக்குரிய ஆய்வுகள் யாவும் அந்நகரிலேயே நிகழ்ந்தன.

ஒரு சிறு புதிர்

பச்சையத்தை ஆராய முற்பட்டவர்கள் அனைவரும் ஓர் இடர்ப்பாட்டைச் சந்தித்தனர். இலையிலிருந்து நிறப்பொருள்களை வெளியே எடுக்க ஏதேனும் ஒரு கரைப்பான் வேண்டும். ஆல்கஹாலில் இலையை ஊறவைத்தால் நிறங்கள் அனைத்தும் கலந்து வந்துவிடும். பெட்ரோலியம் ஈதர் என்னும் நீர்மத்தில் ஊறவைத்தாலோ கரோட்டின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் மட்டுமே எளிதில் வெளிவரும்; பச்சையம் இலையிலேயே தங்கிவிடும்.

பச்சையம் பெட்ரோலியம் ஈதரில் கரையாது போலும் என்று எவரும் எண்ணுவர். சுவெட் அவ்வாறு எண்ணி அமைதி கொள்ளவில்லை. ஆல்கஹாலால் பிரித்தெடுத்த பச்சையத்தைத் தனியே உலர்த்திப் பெட்ரோலியம் ஈதரில் இட்டுப் பார்த்தார். அது நன்றாகவே கரைந்தது! வெளியே எளிதில் கரையும் பொருள், இலைக்குள் இருக்கும்போது மட்டும் ஏன் கரைய மறுக்கிறது? இதுவே அவரை ஆட்கொண்ட புதிர்.

இலையின் திசுக்கள் பச்சையத்தைத் தம் பரப்பில் ஈர்த்துப் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்று அவர் கருதினார். கருதியதைச் சோதித்தும் பார்த்தார். வடிதாள் ஒன்றை இலைச்சாற்றில் நனைத்து உலர்த்தினார். பின்னர் அத்தாளைப் பெட்ரோலியம் ஈதரில் இட்டார். இலையில் நிகழ்ந்ததே தாளிலும் நிகழ்ந்தது. கரோட்டின் வெளிவந்தது, பச்சையம் தாளிலேயே தங்கியது. சிறிதளவு ஆல்கஹால் சேர்த்ததும் அதுவும் வெளியேறியது. ஆகவே இது உயிருள்ள இலைக்கு மட்டும் உரிய மாயம் அன்று; ஒரு திண்மத்தின் பரப்பு ஒரு பொருளைப் பற்றிக்கொள்ளும் இயல்பே ஆகும். இவ்வியல்பைப் பரப்புக்கவர்ச்சி என்பர்.

சுண்ணத்தூளும் கண்ணாடிக் குழாயும்

இங்கிருந்து சுவெட்டின் சிந்தனை ஒரு படி முன்னே சென்றது. ஒரு பரப்பு எல்லாப் பொருள்களையும் ஒரே வலிமையோடு பற்றுவதில்லை. சிலவற்றை இறுகப் பற்றும், சிலவற்றைத் தளரப் பற்றும். அவ்வாறாயின், கலந்து கிடக்கும் நிறப்பொருள்களைப் பிரிப்பதற்கு இந்த வேறுபாட்டையே பயன்படுத்தலாம் அல்லவா?

எந்தத் தூள் இதற்கு ஏற்றது என்பதை அறிய, நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களைச் சோதித்தார். சர்க்கரை, இனுலின் முதலிய பல தூள்கள் அவற்றுள் அடங்கும். நன்கு பொடித்த சுண்ணத்தூள், அதாவது கால்சியம் கார்பனேட்டு, மிக ஏற்றதாக அமைந்தது. அது நிறப்பொருள்களைப் பற்றிக்கொண்டது. ஆனால் அவற்றைச் சிதைக்கவில்லை.

குறுகிய கண்ணாடிக் குழாயில் அத்தூளைச் சிறிது சிறிதாக இட்டு, இடைவெளி இன்றிச் சீராக அழுத்தி நிரப்பினார். அதன்மேல் இலைச்சாற்றை ஊற்றினார். சாறு முழுவதும் தூளின் மேற்பகுதியில் ஒரு பச்சை வளையமாகத் தங்கியது. பின்னர்த் தூய கரைப்பானை மேலிருந்து தொடர்ந்து ஊற்றினார். கரைப்பான் கீழிறங்க இறங்க அந்த ஒற்றை வளையம் விரிந்து பிரிந்தது. சுண்ணத்தூள் தளரப் பற்றிய கரோட்டின் முந்திக்கொண்டு குழாயின் அடி நோக்கி ஓடியது. இறுகப் பற்றப்பட்டவை பின்தங்கின. இறுதியில் வெண்மையான தூண் ஒன்றில் மஞ்சள், மஞ்சள் கலந்த பச்சை, நீலம் கலந்த பச்சை, மீண்டும் மஞ்சள் எனப் பட்டைபட்டையாக நிறங்கள் நின்றன. ஒரே பச்சை என்று உலகம் எண்ணியிருந்த ஒன்று, பல வண்ணக் கரையிட்ட துணிபோல் காட்சியளித்தது.

திருவிழாக் கூட்டம் ஒரு கடைத்தெருவின் வழியே செல்வதாக எண்ணிப் பாருங்கள். தெருவின் தொடக்கத்தில் அனைவரும் ஒன்றாகவே நுழைகின்றனர். கடைகளை நோக்காதவர் விரைந்து மறுமுனையை அடைகின்றனர். கடைதோறும் நின்று விலை கேட்பவர் பின்தங்குகின்றனர். சற்று நேரத்தில் கூட்டம் தானாகவே பல குழுக்களாகப் பிரிந்துவிடுகிறது. சுண்ணத்தூள் அக்கடைகளைப் போன்றது. கரைப்பான் கூட்டத்தைத் தள்ளிச் செல்லும் விசையைப் போன்றது. அசையாது நிற்கும் தூளை நிலையான நிலைமை என்றும், அதனூடே ஓடும் நீர்மத்தை நகரும் நிலைமை என்றும் வேதியியலார் இன்று குறிப்பிடுவர்.

நிறப்பட்டைகள் பிரிந்தபின் சுவெட் அந்தத் தூணைக் குழாயிலிருந்து முழுமையாக வெளியே தள்ளிக் கத்தியால் பட்டை பட்டையாக அறுத்தார். ஒவ்வொரு துண்டையும் ஆல்கஹாலில் இட்டு, அதிலுள்ள நிறப்பொருளைத் தனியே பெற்றார். பச்சையம் இரு வகைப்படும் என்பதை இவ்வாறு ஐயமின்றிக் காட்டினார். ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் 1864 இலேயே இக்கருத்தைச் சொல்லியிருந்தும், அதனைப் பலர் ஏற்கவில்லை. இப்போது இரு பச்சையங்களும் வெறுங்கண்ணால் காணுமாறு தனித்தனிப் பட்டைகளாக நின்றன.

1903 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 21 ஆம் நாள், வார்சா இயற்கை ஆய்வாளர் கழகத்தில் சுவெட் தம் முறையை முதன்முதலாக விளக்கிப் பேசினார். 1906 இல் ஜெர்மானியத் தாவரவியல் இதழில் இரண்டு கட்டுரைகள் எழுதினார். அவற்றில்தான் அம்முறைக்குப் பெயர் சூட்டினார். நிறத்தையும் எழுத்தையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அவர் அமைத்த பெயரைத் தமிழில் வண்ணப்பிரிகை என்று வழங்குகிறோம். நிறமற்ற பொருள்களையும் இம்முறையால் பிரிக்க முடியும் என்று அவர் அப்போதே எழுதினார். அக்கூற்று எவ்வளவு தொலைநோக்குடையது என்பது பின்னரே விளங்கிற்று.

ஏற்காத உலகம்

இத்தகைய கண்டுபிடிப்பை அறிவுலகம் கைகூப்பி வரவேற்றிருக்கும் என்று நாம் எண்ணலாம். நிகழ்ந்ததோ வேறு. அந்நாளைய வேதியியலார் ஒரு பொருளை மிகுதியாக எடுத்து, மீண்டும் மீண்டும் படிகமாக்கித் தூய்மை செய்வதையே நம்பினர். சிறு குழாயில் ஒரு துளிச் சாற்றைக் கொண்டு தாவரவியலார் ஒருவர் கூறும் முடிவுகளை அவர்கள் ஐயத்தோடு நோக்கினர்.

அவர்களுள் தலையாயவர் ஜெர்மனியின் ரிச்சர்டு வில்ஸ்டேட்டர். பச்சையத்தின் வேதியியலை ஆழ்ந்து ஆராய்ந்து 1915 இல் நோபல் பரிசு பெற்ற பேரறிஞர் அவர். அவர் சுவெட்டின் முறையைச் சோதித்தபோது பச்சையம் சிதைந்து உருமாறியது. பொருத்தமான தூளைத் தேர்ந்தெடுப்பதிலேயே அம்முறையின் உயிர் இருந்தது. அதனை உணராமையால் முறையே நம்பத்தகாதது என்னும் எண்ணம் பரவியது. பேரறிஞர் ஒருவர் ஏற்காத முறையைப் பிறர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

சுவெட் சோர்ந்துவிடவில்லை. 1907 இல் ஜெர்மானியத் தாவரவியல் கழகத்தார் முன்னிலையில் தம் கருவியை நேரில் காட்டினார். மறுப்புரைகளுக்கு இதழ்களில் விடை எழுதினார். அவ்விடைகள் கூர்மையானவை, சில வேளைகளில் கடுமையானவையும்கூட. ஆயினும் அவை சான்றுகளோடு எழுதப்பட்டவை. பச்சையம் படிக வடிவில் இலைக்குள் உள்ளது என்று பலரும் கூறியபோது, அப்படிகம் ஆல்கஹாலின் சேர்க்கையால் உண்டாகும் செயற்கைப் பொருளே என்று அவர் வாதிட்டார். வில்ஸ்டேட்டரின் ஆய்வுகளே பின்னர் அதனை உறுதி செய்தன. பச்சையம் இருவகை என்பதையும் வில்ஸ்டேட்டர் தம் சொந்த வழியில் ஆராய்ந்து ஏற்றார்.

1910 இல் சுவெட் தம் ஆய்வுகளைத் தொகுத்துத் தாவரங்களிலும் விலங்குகளிலும் உள்ள நிறப்பொருள்களைப் பற்றி ரஷ்ய மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலுக்காக வார்சாப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் வழங்கியது. ஜெனிவாவில் முனைவரானவர், பதினான்கு ஆண்டுகள் கழித்து ரஷ்யாவிலும் முனைவரானார். மறு ஆண்டில் அறிவியல் கழகம் அந்நூலுக்குப் பரிசளித்தது. கரோட்டினையும் அதன் இனமான மஞ்சள் நிறப்பொருள்களையும் ஒருங்கே குறிக்கக் கரோட்டினாய்டுகள் என்னும் பொதுப்பெயரை வழங்கியவரும் இவரே. எனினும் ரஷ்ய மொழியில் எழுதப்பட்ட அந்நூலைப் பிற நாட்டார் எளிதில் படிக்க இயலவில்லை.

போரும் அலைவும்

1914 இல் முதல் உலகப்போர் மூண்டது. 1915 இல் ஜெர்மானியப் படைகள் வார்சாவை நெருங்கின. சுவெட் பணியாற்றிய தொழில்நுட்பக் கல்லூரி நகரை விட்டு வெளியேறியது. அவரும் துணைவியார் எலெனாவும் மாஸ்கோவுக்கும், பின்னர் நிஷ்னி நோவ்கோரோட் நகருக்கும் இடம் பெயர்ந்தனர். பல ஆண்டுகள் உழைத்துப் பழகிய ஆய்வுக்கூடம் கைநழுவிப் போயிற்று. முன்பே நலிவுற்றிருந்த உடல் மேலும் நலிந்தது.

1917 இல் ஒரு நல்வாய்ப்பு வந்தது. இன்றைய எஸ்தோனியா நாட்டில் உள்ள தார்த்துப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராகவும் தாவரவியல் பூங்காவின் தலைவராகவும் அவர் அமர்த்தப்பட்டார். நாற்பத்தைந்தாம் அகவையில் முதன்முறையாகத் தமக்கெனப் பேராசிரியர் இருக்கை ஒன்றைப் பெற்றார். ஆனால் அந்த அமைதியும் நீடிக்கவில்லை. 1918 இல் ஜெர்மானியப் படைகள் அந்நகரையும் கைப்பற்றின. பல்கலைக்கழகத்தின் ரஷ்ய ஆசிரியர்கள் தெற்கே வரோனேஷ் நகருக்குச் சென்றனர். சுவெட்டும் உடன் சென்றார்.

அதே 1918 ஆம் ஆண்டில் அவருடைய பெயர் வேதியியல் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. நெதர்லாந்து நாட்டின் தாவரவியலார் ஒருவர் அப்பரிந்துரையைச் செய்தார். பரிசு கிட்டவில்லை. உள்நாட்டுப் போரும் உணவுப் பற்றாக்குறையும் ரஷ்யாவை வாட்டிய காலத்தில், 1919 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 26 ஆம் நாள், வரோனேஷ் நகரில் சுவெட் மறைந்தார். அப்போது அவருக்கு அகவை நாற்பத்தேழு. மூன்றாண்டுகளில் துணைவியாரும் மறைந்தார்.

மீண்டும் தழைத்த விதை

சுவெட்டின் முறையை முற்றிலும் மறவாதோர் சிலர் இருந்தனர். அமெரிக்காவில் லிராய் பால்மர் என்னும் அறிஞர், பால், வெண்ணெய் முதலியவற்றின் மஞ்சள் நிறத்தை ஆராய அம்முறையைப் பயன்படுத்தி, 1922 இல் கரோட்டினாய்டுகளைப் பற்றி நூல் எழுதினார்.

1931 இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் ரிச்சர்டு கூன் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் எட்கர் லெடரர் என்னும் இளைஞர் பணியாற்றினார். பால்மரின் நூல் அவரைச் சுவெட்டிடம் அழைத்துச் சென்றது. சுவெட்டின் ரஷ்ய நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்த படி ஒன்றும் அங்குக் கிடைத்தது. அது யாருக்காகப் பெயர்க்கப்பட்டது தெரியுமா? அம்முறையை ஏற்காத வில்ஸ்டேட்டருக்காகவே! அவருடைய மாணவராகிய கூனின் கையில் அது இருந்தது. பயனற்றது என்று ஒதுக்கப்பட்ட அந்த ஏடே ஒரு புதிய தலைமுறைக்கு வழிகாட்டியாயிற்று. 1831 முதல் நூறாண்டுகளாக ஒரே பொருள் என எண்ணப்பட்டிருந்த கேரட்டுக் கிழங்கின் கரோட்டின், குழாயில் இருவேறு பொருள்களாகப் பிரிந்து நின்றது. அதன்பின் சுவெட்டின் முறை ஆய்வுக்கூடம்தோறும் பரவியது.

1941 இல் இங்கிலாந்தின் ஆர்ச்சர் மார்ட்டின், ரிச்சர்டு சிஞ்சு ஆகிய இருவர், சிலிக்காத் தூளில் நீரைத் தங்க வைத்து, அந்நீரையே நிலையான நிலைமையாகப் பயன்படுத்தினர். அதற்காக 1952 இல் நோபல் பரிசு பெற்றனர். தூளின் மேல் வேறொரு பொருளைப் படியவைத்தால் பிரிக்கும் ஆற்றலை விரும்பியவாறு மாற்றலாம் என்னும் உண்மை இதனால் வலுப்பெற்றது.

தூளுக்கு ஒரு மேலாடை

1960களில் குழாய்கள் எஃகால் ஆயின. நீர்மம் மிகுந்த அழுத்தத்தோடு செலுத்தப்பட்டது. 1967 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சாபா ஹோர்வாத்தும் அவருடைய குழுவினரும், நுண்ணிய கண்ணாடி மணிகளின் மேல் பாலிமர் என்னும் பலபடிப் பொருளால் மெல்லிய தோல் போன்ற படலத்தை அமைத்தனர். கலவையின் கூறுகள் அந்த மெல்லிய படலத்துக்குள் மட்டும் சென்று விரைந்து மீண்டதால், அவை தெளிவாகவும் விரைவாகவும் பிரிந்தன.

இத்தகைய மேலாடையை எவ்வாறு அமைப்பர்? சீரக மிட்டாய் செய்வதை நினைவிற் கொள்ளுங்கள். சீரகத்தின் மேல் சர்க்கரைப் பாகை ஊற்றிப் புரட்டிப் புரட்டி உலர்த்துவர். ஒவ்வொரு சீரகத்தின் மேலும் இனிப்புப் படலம் ஒட்டிக்கொள்ளும். ஆய்வுக்கூடத்திலும் ஏறத்தாழ இதுவே நிகழ்கிறது. பாலிமரை முதலில் ஒரு கரைப்பானில் கரைப்பர். அதில் சிலிக்காத் தூளைக் கலப்பர். தூளைத் தொடர்ந்து சுழற்றிக்கொண்டே கரைப்பானை மெல்ல மெல்ல ஆவியாக்குவர். ஒவ்வொரு துகளின் மேலும் பாலிமர் படிந்துவிடும்.

ஆனால் இவ்வளவோடு பணி முடிவதில்லை. அப்படியே விட்டால், பின்னர் ஓடும் நீர்மம் அப்படலத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும். ஆகவே வெப்பத்தாலோ கதிர்வீச்சாலோ பாலிமர் இழைகளை ஒன்றோடொன்று குறுக்கே பிணைப்பர். வலைபோல் பின்னப்பட்ட படலம் எளிதில் கரையாது. இறுதியில் பிணையாமல் எஞ்சியதைக் கழுவி நீக்கி, தூளை உலர்த்திக் குழாயில் அழுத்தி நிரப்புவர். அத்துகள் ஒன்றின் விட்டம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றில் ஒரு பங்கே.

படலம் மிகத் தடித்தால் பொருள்கள் அதற்குள் நெடுநேரம் தங்கிப் பட்டைகள் அகன்று கலங்கும். ஆங்காங்கே விட்டுப்போனாலோ மூடப்படாத சிலிக்கா சில பொருள்களை வேண்டாத வகையில் பற்றிக்கொள்ளும். காரத்தன்மை மிகுந்த நீர்மங்களில் சிலிக்கா மெல்லக் கரையும் இயல்புடையது. நன்கமைந்த படலம் அதனைக் காக்கும் கவசமாகவும் விளங்கும். இவ்வாறு மேலாடையின் தடிமனிலும் சீர்மையிலுமே பிரிப்பின் செம்மை அடங்கியுள்ளது. ஏற்ற தூளைத் தேடி நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களைச் சோதித்த சுவெட்டின் வழியே இன்றும் தொடர்கிறது.

நிறைவுரை

நாம் உட்கொள்ளும் மருந்தில் கலப்பு உண்டா, குடிநீரில் பூச்சிக்கொல்லி கலந்துள்ளதா, குருதியில் எந்தப் பொருள் எவ்வளவு உள்ளது என்பனவற்றை இன்று வண்ணப்பிரிகை முறையால் அறிகிறோம். அவற்றுள் பெரும்பாலானவை நிறமற்ற பொருள்களே. நிறமற்றவற்றையும் பிரிக்கலாம் என்று 1906 இல் சுவெட் எழுதியது மெய்யாயிற்று.

பிறந்த நாடு ஒன்று, வளர்ந்த நாடு ஒன்று, பணியாற்றிய நகரங்கள் பல. சென்ற இடந்தோறும் அவர் தம்மைப் புதிதாக நிலைநாட்ட வேண்டியிருந்தது. பட்டம் செல்லாது என்றனர், மீண்டும் கற்றார். முறை தவறு என்றனர், செய்து காட்டினார். தம் உழைப்பின் பயனை அவர் கண்ணாரக் காணவில்லை. ஆயினும் பிறர் செய்து பார்க்கத்தக்க வகையில் ஒவ்வொரு படியையும் தெளிவாக எழுதி வைத்தார். அந்த எழுத்தே, அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் பொருட்டுப் பேசியது.

சொல்லும் பொருளும்

அகவை - வயது
பரப்புக்கவர்ச்சி - ஒரு பொருளைத் திண்மத்தின் மேற்பரப்பு பற்றிக்கொள்ளுதல்
கரைப்பான் - பிற பொருள்களைக் கரைக்கும் நீர்மம்
பச்சையம் - இலைக்குப் பச்சை நிறம் தரும் பொருள்
படலம் - மெல்லிய மேலுறை
நலிவு - மெலிவு, தளர்ச்சி
தழைத்தல் - செழித்து வளர்தல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சுவெட் என்னும் பெயரின் பொருள் யாது?
2. ஜெனிவாவில் பெற்ற பட்டம் ரஷ்யாவில் ஏன் பயன்படவில்லை?
3. சுண்ணத்தூள் ஏற்ற பொருளாக அமைந்ததற்குக் காரணம் யாது?

ஆ. விரிவாக விடை எழுதுக.
1. வடிதாளைக் கொண்டு சுவெட் செய்த சோதனையை விளக்கி, அதனால் அவர் அடைந்த முடிவை எழுதுக.
2. துகள்களின் மேல் பாலிமர் படலம் அமைக்கும் முறையை வரிசைப்படுத்தி எழுதுக.
3. வில்ஸ்டேட்டருக்காகப் பெயர்க்கப்பட்ட நூல் பிற்காலத்தில் எவ்வாறு பயன்பட்டது? இந்நிகழ்ச்சி உணர்த்துவது யாது?

இ. பிரித்து எழுதுக.
நிறப்பொருள், கண்முன், வாழ்நாள், மேலாடை

ஈ. செய்து பார்ப்போம்.
வெள்ளைச் சாக்குக்கட்டி ஒன்றின் அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில், நீரில் கரையும் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் சுற்றிலும் ஒரு கோடு வரைக. தட்டில் சிறிதளவு நீர் ஊற்றி, கோடு நீரில் மூழ்காதவாறு அதனை நிறுத்துக. நீர் மேலேறும்போது கறுப்பு மையில் கலந்துள்ள நிறங்கள் எவ்வாறு பிரிகின்றன என்பதை உற்றுநோக்குக. எந்த நிறம் முந்தியது, எது பின்தங்கியது, அதற்குக் காரணம் யாது என்பவற்றை ஐந்து தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.